பால் நிறம் வந்தது, மஞ்சள் வரவில்லை

ஆய்வு மாணவியாகச் சேர்ந்ததும் என் தலையில் விழுந்த வேலை, அஸ்பராஜினேஸ் நொதியை நானோ துகளாக்குவது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து அது. ரத்தத்திலுள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தை அஸ்பார்டிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் உடைத்துவிடும். அஸ்பரஜினைத் தானே போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாத புற்றுச் செல்கள் பட்டினியால் சாகும். ஆனால் அது பாக்டீரியாவின் புரதம் என்பதால் உடம்பு எதிரியென்று பாய்கிறது. ஒவ்வாமை முற்றினால் மருந்தையே மாற்ற வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரால் போர்த்திய வடிவத்துக்கு அமெரிக்காவில் 1994இல் அனுமதி கிடைத்தது. போட வேண்டிய ஊசிகள் குறைந்தன. நாங்கள் முயன்றது நொதியையே துகளாக உருட்டி, எதிர்ப்பொருள்களுக்கு எட்டும் பரப்பைக் குறைப்பது.

செய்முறை படிக்க எளிது. குளிர்ந்த நொதிக் கரைசலைக் கலக்கியபடியே எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கண்ணாடிபோல் இருந்த கரைசல் ஒரு சொட்டில் நீலம் பூசிய பாலாக மாறும். அங்கே நிறுத்தி, புரதங்களின் அமீன்களைப் பற்றி ஒன்றோடொன்று கோக்கும் குளுடரால்டிஹைடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். அவசரப்பட்டால் பால் திரிந்து அடியில் வெள்ளைக் கட்டிதான் மிஞ்சும். எனக்கு மூன்று முறை திரிந்தது.

நான்காம் முறை பால் நிறம் நின்றது, கழுவியதும் கரைந்துபோனது. இரண்டு வாரம் விழித்த பிறகுதான் புரிந்தது: அமிலத்தன்மை மாறாமல் வைக்க நான் எடுத்த தாங்கல் கரைசல் ட்ரிஸ். அதிலுள்ள அமீன்கள், நொதிக்குப் போக வேண்டிய குளுடரால்டிஹைடைத் தின்றுவிட்டன. வேதியியல் பட்டதாரி என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. பாஸ்பேட்டுக்கு மாறினேன்.

இப்போது துகள்கள் கல்லாக நின்றன. அஸ்பரஜின் சேர்த்து, நெஸ்லர் கரைசல் விட்டேன். அமோனியா இருந்தால் மஞ்சளாக வேண்டும். துளி நிறமில்லை. நான்கு துணையலகுகள் சேர்ந்த நொதி அது. வேலை செய்யும் இடம் அவற்றின் இடைவெளியில் இருக்கிறது. நான் இறுக்கிய இறுக்கில் அது அசையவே முடியவில்லை போலும்.

குளுடரால்டிஹைடைக் குறைத்தேன், நேரத்தையும் குறைத்தேன். மஞ்சள் வந்தது! குதித்தேன். பிறகுதான் அஸ்பரஜின் சேர்க்காத குழாயைப் பார்த்தேன், அதுவும் மஞ்சள். நொதியைச் சுத்திகரித்தபோது தங்கிய அம்மோனியம் சல்பேட் செய்த வேலை.

இரவு முழுவதும், உப்பு போன்ற சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு, காலையில் மறுபடி சோதித்தேன். ஒரு குழாய் தெளிவு, ஒரு குழாய் மஞ்சள். அடுத்து ரத்தச் சீரத்தில் 37 டிகிரியில் வைத்து, அந்த மஞ்சள் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.