தலையில்லாத ஹெரால்டும் ஒரு அடைக்கோழியும்

எங்கப்பா 1979ல ஒரு காரோட மண்டையக் கழட்டிட்டாரு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு மாடல், மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, 948 சிசி. நாலு பேரு ஏறுனா மேட்டுல மூச்சு வாங்கும். அந்த வண்டில கூரைய வெல்டிங் வைக்கல, போல்ட்டு போட்டுத்தான் நிறுத்தியிருப்பாங்க, கையில ஸ்பேனர் இருந்தா யாரு வேணா கழட்டலாம். எங்கப்பா கையில ஸ்பேனர் இருந்துச்சு.

கோயமுத்தூர்ல சின்னதா லேத் பட்டறை வெச்சிருந்தாரு. யாரோ கூட்டிட்டுப் போனாங்கன்னு மெட்ராஸ் போயி சோழவரம் ரேஸ் பாத்துட்டு வந்துருக்காரு, ரெண்டாம் உலகப்போர் காலத்து ஏரோப்ளேன் ரன்வேல காருங்க பறக்கறதப் பாத்த மனுசனுக்கு அப்புறம் ஊர்ல நிக்கற எந்த காரும் காராவே தெரியல போல. ஒரு கார்புரேட்டர் ரெண்டாச்சு. சைலன்சருக்கு ரெண்டு இஞ்ச் ஜிஐ பைப்பு, ஆமா தோட்டத்துக்கு தண்ணி போற அதே பைப்புதான். பெயிண்டுக்கு காசு இல்ல, பம்புசெட்டுக்கு அடிச்சு மீந்த பச்சை டப்பா மூலையில கெடந்துச்சு, அதையே அடிச்சு விட்டாச்சு.

இஞ்சின் சூடாகுதுன்னு பானட் மேல வரிசையா கீறல் மாதிரி ஓட்டை வெட்டுனாரு, மொத்தம் 14. பதிமூணும் ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்குமாம், கடைசி ஒண்ணு மட்டும் கோணல். அது வெட்டிட்டு இருக்கறப்பதான் ஆஸ்பத்திரில நான் பொறந்துட்டேன்னு ஆள் வந்து சொல்லிருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் "உன்னாலதான்டா கோணிப்போச்சு"ன்னு சொல்லிக்காட்டுவாரு.

அந்த வண்டி 120ல போகும்ங்கறது அப்பா கணக்கு. அம்மா கணக்கு வேற, பொள்ளாச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போறப்ப கெணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள தலையில வெச்ச மல்லிப்பூ ஒண்ணுகூட இல்லையாம், அதே ரோட்டுல ஒரு சைக்கிள்காரன் முந்திட்டும் போனானாம். ரெண்டும் எப்படி ஒரே பயணத்துல நடக்கும்னு நான் கேட்டதில்ல. ஆத்தாவுக்கு வண்டியக் கண்டாலே ஆகாது, "தலையில்லாத முண்டம் வாசல்ல நிக்கக்கூடாது"ன்னு தெனமும் ஒரு பாட்டு. அதுக்கு மேல ஐப்பசி மழை. ஒரு கையில ஸ்டியரிங் ஒரு கையில கொடைன்னு வருசா வருசம் ஓட்டிப்பாத்துட்டு 1984ல 6500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுட்டாரு.

போன பொங்கலுக்கு பரண் ஒட்டடை அடிக்கறப்ப போட்டோ ஒண்ணு கெடைச்சுது. அப்பா அதை கையில வெச்சுட்டு காபி ஆறிப்போற வரைக்கும் பாத்துட்டு இருந்தாரு. சரி தேடித்தான் பாப்போமேன்னு நானா வாயக்குடுத்து மாட்டுனேன்.

ஆன்லைன்ல பழைய நம்பரப் போட்டா ஒண்ணும் வரல. உக்கடத்துல பழைய இரும்புக் கடை ஒண்ணு விடாம ஏறி எறங்குனேன், மெட்ராஸ் போனப்ப புதுப்பேட்டையும் பாத்தாச்சு. ஒரு புரோக்கர் "பச்சை வண்டிதானுங்ணா, தெறந்த வண்டிதானுங்ணா, ஏ ஒன் கண்டிசன்ல இருக்குதுங்ணா"ன்னு சூலூர் வரைக்கும் வரச்சொன்னாரு. போனா டிராக்டர். பச்சைதான், தெறந்துதான் இருக்கு, அவரச் சொல்லிக் குத்தமில்ல.

கடைசியில வண்டிய வாங்குனவரோட பேரன் சிக்குனாரு, நெகமம் பக்கம் தோட்டம். "காரு என்னைக்கோ இரும்புக்குப் போயிருச்சுங்க, மூஞ்சி மட்டும் இருக்குதுங்க"ன்னாரு. ஹெரால்டு தெரிஞ்சவங்களுக்குப் புரியும், அதுல பானட்டு மட்டும் தனியா தெறக்காது, ரெண்டு பக்க மட்காடு லைட்டு எல்லாம் சேந்து மொத்த மூஞ்சியும் ஒரே துண்டா முன்னால சாயும். கழட்டிக் கவுத்து வெச்சா நல்ல கூரை. வெச்சிருந்தாங்க, கோழிக்கூண்டு மேல.

அப்பா கிட்டப்போயி எட்டணா காச வெச்சு சொரண்டுனாரு. மேல நீலம், அதுக்குக் கீழ ஒரு வெள்ளை, அதுக்கும் கீழ பம்புசெட்டுப் பச்சை. அப்புறம் ஓட்டைய விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாரு, பதினொண்ணு, பன்னண்டு, பதிமூணு. பதினாலாவது கோணல்.

திரும்பி என்னைய ஒரு மொறை.

எவ்ளோ வேணும்னு கேட்டேன். காசெல்லாம் வேண்டாம் சும்மா எடுத்துட்டுப் போங்கன்னு பேரன் சொல்லிட்டாரு, ஆனா உள்ள இருந்து அவங்க பாட்டி குரல் வந்துச்சு: "ஏனுங் தம்பி, கோழி நேத்துத்தான் அடையில உக்காந்துச்சு. கூரையக் கழட்டுனா எந்திரிச்சுப் போயிரும். 21 நாள் கழிச்சு வாங்க சாமி."

40 வருசம் விட்டுட்டு இருந்த மனுசன் இப்ப காலண்டர்ல தெனமும் ஒரு கோடு கிழிக்கறாரு. இன்னிக்கு பதினாறாவது நாள். காலையில நெகமத்துக்கு போன் போட்டு, பானட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, கோழி ஒழுங்கா தீவனம் எடுக்குதான்னு கேட்டுட்டு இருக்காரு.