வயசானா பல்லு ஆடத்தான் செய்யுமா?

தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டருக்கு மராத்தியும் இந்தியும்தான். வருகிற வயதானவர்களில் பாதிக்கு மேல் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அதனால் டாக்டர் சொல்வதை ஆச்சிகளுக்கும் தாத்தாக்களுக்கும் தமிழில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. அவர்கள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்பது இதுதான்: "வயசாயிட்டுல்லா, பல்லு ஆடத்தானம்மா செய்யும்."

வயதுக்கும் பல் ஆடுவதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் சின்ன இடுக்கில் பாக்டீரியா குடியேறுகிறது. அதை விரட்ட உடம்பு போடுகிற சண்டையில், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இதுதான் ஈறு நோய். வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் பழி வயதின் மேல் விழுந்துவிடுகிறது.

அண்மையில் ஓர் ஆச்சி வந்தார். எழுபது தாண்டியவர், ரொம்ப நாளாகச் சர்க்கரை. அக்கம்பக்கத்து மராத்திப் பெண்களோடு பழகி மிஸ்ரி தேய்க்கிற பழக்கம். புகையிலையைத் தவாவில் கருக வறுத்துப் பொடித்து, விரலால் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பது. அதுதான் பல் விளக்குவது என்று இருந்தார். டாக்டர் முதலில் கன்னத்தின் உட்பக்கத்தைத் திருப்பி வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்த்தார். புகையிலை என்றால் புற்றுநோய் பயம் முதலில். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை எடுத்தார். அதை ஈறு ஓரத்தில் மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார், நான் எழுதுவேன். "தீன், தோன், தீன்" (மூன்று, இரண்டு, மூன்று) என்றால் நிம்மதி. மூன்று மில்லிமீட்டர் வரை சரி. ஆச்சியின் முன்பல்லில் அப்படித்தான் வந்தது. கீழ்க் கடைவாய்க்குப் போனதும் "சஹா, சாத், சஹா" (ஆறு, ஏழு, ஆறு) என்றார். ஏழு மில்லிமீட்டர்! கம்பி வெளியே வரும்போது நுனியில் ரத்தமும் ஒரு துளி சீழும். ஆச்சியோ, "வலிக்கவே இல்லையேம்மா" என்கிறார். இந்த நோயிடம் எனக்குப் பயமே அதில்தான். வலித்தால் நம் ஆட்கள் ஓடி வந்துவிடுவார்கள்.

கொப்பளித்தால் போதாதா என்று கேட்பவர்களிடம் வீட்டுத் தண்ணீர் டிரம்மைச் சொல்வேன். உள்பக்கம் கை வைத்தால் வழவழவென்று இருக்குமே, தண்ணீரை ஊற்றி ஆட்டினால் அது போகுமா? தேய்த்தால்தான் போகும். பல்லிலும் அதே படலம்தான். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ்ஷும் தோற்றுவிடும், கிளினிக்கில் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். காற்றுப் படாத ஆழத்தில்தான் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரிக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். 1683-லேயே லீவன்ஹுக் என்ற டச்சுக்காரர், வாழ்நாளில் பல்லே விளக்காத ஒரு கிழவரின் பல் அழுக்கைத் தன் லென்ஸில் பார்த்துவிட்டு, உள்ளே எத்தனை உயிர்கள் நெளிகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார்.

"கிளீன் பண்ணுனா பல்லு ஆடும், சந்து விழும்" என்று ஆச்சியின் மருமகள் தயங்கினார். சந்து ஏற்கெனவே இருக்கிறது, காரை அதை அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் அவரிடம் அழுத்திச் சொன்னது சர்க்கரையைப் பற்றி. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது. ஈறுக்கு ஆழமாகச் சுத்தம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 புள்ளி வரை இறங்குவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் மருமகள் அடுத்த தேதியை அவரே எழுதிக்கொண்டார். கடைவாயில் இரண்டு பல்லை எடுக்கவேண்டி வந்தது. மற்றவை நிற்கின்றன. மிஸ்ரியை ஆச்சி இன்னும் முழுதாக விடவில்லை. நானும் அவரை விடப்போவதில்லை, ஒவ்வொரு தடவையும் கேட்பேன். செலவுக்கு யோசிப்பவர்களை மும்பை சென்ட்ரலில் இருக்கும் நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்கிறேன். மாநகராட்சி நடத்துவது.

பிபி மாத்திரையையும் கவனியுங்கள். அம்லோடிபின் சாப்பிடுகிற சிலருக்கு ஈறு தடித்து வளரும். வேறு பல மாத்திரைகள் எச்சிலை வற்றவைக்கும், வாய் காய்ந்தால் கிருமிக்கு வசதி. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

பல்செட் போட்டிருக்கும் தாத்தா, ஆச்சிகள் ராத்திரி அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போடவேண்டும். ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைப் பார்த்ததில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. வாய்க் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கிவிடுகிறது. படுக்கையில் இருப்பவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் நீங்களே தேய்த்துவிடுங்கள். கை நடுங்குகிறவர்கள் தாங்களே தேய்க்க ஆசைப்பட்டால், சைக்கிள் கடையில் கைப்பிடி ரப்பர் ஒன்று வாங்கிப் பிரஷ் காம்பில் செருகிக் கொடுங்கள், பிடி நழுவாது.