குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு சான் சீரோவுக்கு

நான் லண்டனில் வேலை பார்க்கும், ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகன்; கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். ஐரோப்பாவில் நடக்கும் அவே மேட்ச் (எதிரணியின் மைதானத்தில் நடப்பது) என்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள நண்பர்களுக்கு டிக்கெட் கிடைத்தால் போதும். நமக்கு ஷெங்கன் விசாவும் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். டிக்கெட் வரட்டும், அப்புறம் விசா பார்க்கலாம் என்று இருந்தால் மேட்ச் முடிந்துவிடும்.

ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் யாரோடு யார் ஆடுவது என்று முடிவு செய்யும் டிரா, 2024 ஆகஸ்ட் 29 அன்று நடந்தது. மேட்ச் தேதிகள் மாதக் கடைசியில்தான் தெரிந்தன. முதல் அவே மேட்ச் செப்டம்பர் 19, இத்தாலியின் பெர்கமோவில் அட்லாண்டா அணியுடன். விசாவுக்கு வழக்கமாக 15 நாள் ஆகும், அதற்கு முதலில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். பெர்கமோவை அப்போதே விட்டுவிட்டேன். நவம்பர் 6, மிலானின் சான் சீரோ மைதானத்தில் இன்டர் அணியுடன் நடக்கும் மேட்ச்சைக் குறிவைத்தேன்.

ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டலாகப் பார்த்து முன்பதிவு செய்து, விசாவுக்குக் கொடுத்தேன். கட்டணம் 90 யூரோ, டிக்கெட் கிடைக்காவிட்டால் அது போனதுதான்.

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் விதிப்படி வெளியூர் ரசிகர்களுக்கு மைதானத்தில் குறைந்தது 5 சதவீத இடம். சான் சீரோ போன்ற பெரிய மைதானத்திலேயே அது நாலாயிரத்தைத் தொடாது. முன்பு அவே மேட்ச்களுக்குப் போனதற்குச் சேரும் புள்ளிகளை வைத்துத்தான் விற்பனை. மழையிலும் குளிரிலும் இங்கிலாந்து முழுக்க அலைந்து சேர்த்த புள்ளிகள் எனக்குக் கைகொடுத்தன. அந்த சீசனில் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு யூஃபா வைத்த உச்சவரம்பு 60 யூரோ. ரசிகர் அமைப்புகள் விடாமல் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது அது. அவர்களுக்கு உண்மையிலேயே நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். இத்தாலியில் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம்மில் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் நகரவே இல்லை. அப்பா பெயரைப் போட்டால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தோடு ஒத்துவராது. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து கிளப்பின் டிக்கெட் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடலாமா என்று கேட்டேன். போடலாம் என்று எழுத்தில் பதில் வந்தது. அதையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இந்தச் சிக்கல் உள்ளவர்கள் போனில் பேசி விட்டுவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

வாசலில் நின்ற ஊழியர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். அச்சுத்தாளை நீட்டினேன். படித்துவிட்டு உள்ளே விட்டார். மூன்றாவது அடுக்குக்குப் படியேறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இடைவேளைக்குச் சற்று முன் இன்டரின் சல்ஹனோலு பெனால்டியில் கோல் போட, 1-0 என்று தோற்றோம். ஆனாலும் கடைசி வரை நாங்கள் பாடுவதை நிறுத்தவில்லை.

விசா பலமுறை போய்வரும் வகையில் கிடைத்திருந்ததால் நவம்பர் 26 லிஸ்பன் மேட்ச்சுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே எதிரணியான ஸ்போர்ட்டிங்கின் மைதானம் சான் சீரோவைவிடச் சிறியது, அந்த 5 சதவீதத்துக்கு என் புள்ளிகள் எட்டவில்லை. 5-1 என்று ஜெயித்ததை வீட்டில் டிவியில் பார்த்தேன்.