61ஆவது யுனிற்

தை 20, 2025, திங்கள்

மீற்றர் பார்க்க வந்தவர் எழுதிவிட்டுப் போன எண் 4218. போன மாதம் 78 யுனிற், 30 நாள். அதற்குக் கீழே இரண்டு மாத நிலுவையும் கிடக்கிறது. 17ஆம் திகதியிலிருந்து இலங்கையில் மின்கட்டணம் 20 சதவீதம் குறைந்தது உண்மைதான், ஆனால் நிலுவைக்கு அந்தக் கழிவு இல்லை.

கட்ட வேண்டிய கடதாசிகளை மேசையில் பரப்பினால், சின்னத் தொகைகளைக் கட்டி எண்ணிக்கையைக் குறைப்போம் என்றுதான் முதலில் தோன்றும். வரிசை அப்படிப் போகக்கூடாது. ஒவ்வொரு கடதாசியின் மூலையிலும் கட்டாவிட்டால் என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று பென்சிலால் எழுதிப் பார்க்க வேண்டும். கரண்ட்: சிவப்பு அறிவித்தல், பிறகு வெட்டு, திரும்பப் பூட்டத் தனிக்காசு. மோட்டார்சைக்கிள் லீசிங்: தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும், முடிவில் வாகனம் போகும். அடைவு வைத்த நகை: தவணை தாண்டினால் ஏலம். ஆனால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம், ஆகவே அதற்குத் தேவை முழுக்காசு இல்லை, வட்டிக்காசுதான். இன்ரர்நெற்: சின்னப் பக்கேஜுக்கு மாற்றினால் யாரும் சாகப்போவதில்லை. ரியூசன் காசு பேசித் தள்ளலாம்.

கடைக்காரர் கடன் எழுதும் கொப்பி மட்டும் இந்த வரிசையில் அடங்காது. வெட்டும் இல்லை, வட்டியும் இல்லை. ஆனாலும் கிழமைக்கு ஒரு சின்னத் தொகையாவது கொடுத்து அவர் முன்னால் கொப்பியில் வெட்டுவிக்க வேண்டும். அடுத்த மாதம் அரிசி தரப்போகிறவர் அவர்தான்.

தை 21, செவ்வாய்

மீற்றர் 4221.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். 60 என்ற கோட்டில் நடப்பது பலருக்குத் தெரியாது. 60க்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை. 61 ஆனவுடன் முதல் 60 யுனிற்றின் விலையும் மாறி, 60ம் ஒரே கூடின விலையில் வரும். நிலையான கட்டணமும் தாவும். அந்த ஒற்றை யுனிற் தன் காசை மட்டும் கேட்பதில்லை, முன்னே போன அறுபதுக்கும் சேர்த்துக் கேட்கிறது. 78இல் இருந்து 70க்கு இறக்கினால் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. 60க்கு இறக்கினால் தெரியும்.

இன்னொன்று. 60 என்பது 30 நாளுக்கு. மீற்றர் பார்ப்பவர் 33ஆம் நாள் வந்தால் எல்லை 66. பிந்தி வந்ததால் பில் ஏறிவிட்டது என்று சண்டைக்குப் போகமுதல் பில்லில் இருக்கும் நாள் கணக்கைப் பாருங்கள்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று அறிய கருவி வாங்கத் தேவையில்லை. மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மின்னும். பக்கத்தில் 1600 என்றோ 1000 என்றோ அச்சிட்டிருக்கும்; அத்தனை முறை மின்னினால் ஒரு யுனிற். 1600 மீற்றரில் 2250ஐ இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட செக்கனால் பிரித்தால் வோட்ஸ் வரும். எல்லாவற்றையும் நிறுத்திப் பிறிட்ஜை மட்டும் விட்டபோது 16 செக்கனுக்கு ஒன்று, ஆகவே 140 வோட்ஸ். பிறிட்ஜையும் நிறுத்திய பிறகும் மின்னிக்கொண்டிருந்தால் எங்கோ ஏதோ ஓடுகிறது. அனேகமாக ரிவி பெட்டியும் இன்ரர்நெற் றவுற்றரும். 10 வோட்ஸ் றவுற்றர் இரவு பகலாகக் கிடந்தால் மாதம் 7 யுனிற்.

தை 25, சனி

மீற்றர் 4231. ஐந்து நாளில் 13. இப்படியே போனால் திரும்பவும் 78தான்.

பெரிய தின்னி கரண்ட் கேத்தல். ஒன்றரை லீற்றர் ஒருமுறை கொதிக்க 0.14 யுனிற் மட்டில். நாளுக்கு ஐந்து தரம் தேத்தண்ணி என்றால் 0.7, மாதம் 21. நம்முடைய கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. அடியில் வெள்ளைப் படை பிடித்துவிட்டால் அதற்கும் மேலே போகும். தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்து அரை மணித்தியாலம் ஊறவிட்டால் படை கழரும். அதைவிட நல்லது, காலையில் விறகடுப்பில் ஒருமுறை கொதிக்கவைத்து இரண்டு சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைப்பது. நாலு மணித் தேத்தண்ணிக்கும் சூடு நிற்கும்.

அடுத்தது கிணற்று மோட்டர். அரைக் குதிரைவலு மோட்டர் ஏறத்தாழ 500 வோட்ஸ் இழுக்கும். ஆயிரம் லீற்றர் தாங்கி முன்பு 25 நிமிடத்தில் நிரம்பியது, இப்போது 40 என்றால் கோளாறு பெரும்பாலும் கிணற்றுக்குள் குழாயின் அடியில், தண்ணி திரும்பி இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்விலதான். சோதனை எளிது. இரவு மோட்டரின் மூடியைத் திறந்து விளிம்பு வரை தண்ணி விட்டு மூடிவிடுங்கள். காலையில் திறக்கும்போது தண்ணி இறங்கியிருந்தால் வால்வு ஒழுகுகிறது. குழாயைத் தூக்கிப் பார்த்தால் றப்பர் வாசர் தேய்ந்திருக்கும், அல்லது அது உட்காரும் இடத்தில் சுண்ணாம்புப் பொருக்கோ இலைத்துண்டோ இருக்கும். சுரண்டிக் கழுவி, வாசர் மாற்றி, திரும்ப இறக்கும்போது கிணற்றடியிலிருந்து ஒரு அடியாவது உயர்த்திக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சித்திரையில் தண்ணி வற்றும்போது மணலை இழுக்கும்.

பிறிட்ஜ் கதவின் றப்பருக்கு இருபது ரூபாய்த் தாள் போதும். தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமில்லாமல் வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. சவுக்காரத் தண்ணியால் துடைத்து, சுடுதண்ணியில் நனைத்த துணியை அதில் ஒற்றி நெளிவெடுத்தால் பல றப்பர்கள் திரும்பப் பிடிக்கும்.

ஃபான் இப்போது வேண்டாம். தைப்பனிக்கு யாருக்கு ஃபான்?

தை 29, புதன்

காஸ். 12.5 கிலோ சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெறும் சிலிண்டரின் நிறை குத்தியிருக்கும். தூக்குத் தராசில் கொழுவி அதைக் கழித்தால் மிச்சக் காஸ் எவ்வளவு என்று தெரியும். பூட்டும் நாளைச் சோக்கால் சிலிண்டரில் எழுதினால் ஒரு கிலோ எத்தனை நாள் போகிறது என்ற கணக்கு தானாக வரும். சுவாலை மஞ்சளாக எரிந்தால் அடுப்பின் துவாரங்கள் அடைத்திருக்கின்றன: சட்டி கரியாகும், காசும் கரியாகும். ஊசியால் குத்தித் துப்புரவாக்கலாம். குழாய்க்கும் றெகுலேற்றருக்கும் சவுக்காரத் தண்ணி பூசி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது செலவுக்கு மட்டுமில்லை, உயிருக்கும்.

ஊரரிசி இரண்டு மணித்தியாலம், பருப்பு அரை மணித்தியாலம் ஊறட்டும். அவிகிற சாமானெல்லாம் விறகடுப்புக்கு, தாளிப்பும் அவசரமும் காஸுக்கு. பொச்சுமட்டை, பாளை, காவோலை காசு கொடுத்து வாங்கும் சாமானில்லை. ஆனால் காவோலை பற்றி அணைந்துவிடும், நின்று எரிய ஊமல், அதாவது உள்ளீடு எடுத்த பனங்கொட்டை வேண்டும்.

மாசி 2, ஞாயிறு

மீற்றர் 4248. 13 நாளில் 30. இறங்குகிறது.

மிச்சம் பிடிப்பதற்கு ஒரு அடிமட்டம் உண்டு, அதற்குக் கீழே பிடிக்க ஒன்றும் இல்லை. நிலுவைக்கு வரவுதான் வேண்டும். இந்தப் பருவத்தில் குறைந்த முதலோடு செய்யக்கூடிய வேலை பனம்பாத்தி. ஆவணியில் புதைத்த கொட்டை இப்போது கிழங்கு.

பச்சைக் கிழங்காகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் அன்றே காசு, ஆனால் தை மாசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் கொடிகாமத்திலும் எல்லோரிடமும் கிழங்குதான் இருக்கும். விலை விழும். கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கினால் ஆடி வரை பொறுக்கலாம். இரண்டையும் பிரிக்க வேண்டும்: நல்ல நீட்டுக் கிழங்கு சந்தைக்கு, கட்டையும் கோணலும் ஒடியலுக்கு.

15 கிலோ கிழங்கில் தோலும் தலையும் வாலும் போக 12 கிலோ. நெடுக்காக இரண்டாகக் கிழித்து, நடு ஈர்க்கை எடுத்து, பாயில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்ப வேண்டும். கெடுவது வெயில் இல்லாமல் இல்லை, பனியால். நாலரைக்கு உள்ளே எடுக்காமல் ஒரு இரவு முற்றத்தில் விட்டால் மறுநாள் கறுப்புப் புள்ளி போடும். அந்தப் புள்ளி போகாது, அந்த ஒடியலை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

புழுக்கொடியலுக்கு அவித்துத் தோலுரித்துக் கிழித்துக் காயவிட வேண்டும். விறகு கூடப் போகும், விலையும் கூட. பாத்தியில் வந்த கொட்டைகளை வெட்டி உள்ளிருக்கும் வெள்ளைச் சதையான பூரானை எடுத்தால் பிள்ளைகளுக்குத் தீன், மிஞ்சும் ஊமல் அடுப்புக்கு. புதன்கிழமை எழுதிய ஊமல் இதுதான்.

மாசி 6, வியாழன்

கறித்தூள். வீட்டிலிருந்து செய்யும் தொழில்களில் இதற்குக் கேள்வி என்றும் உண்டு. நட்டப்படுபவர்களும் இதில்தான் அதிகம், கணக்கு பிழைப்பதால்.

ஒரு கிலோ செத்தல் மிளகாய், ஒரு கிலோ மல்லி, பெருஞ்சீரகம் 150 கிராம், நற்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 25, கறிவேப்பிலை இரண்டு கை. கறிவேப்பிலையை விட்டால் 2425 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். வெந்தயம் நிறம் மாறத் தொடங்கியவுடன் இறக்க வேண்டும், கருகின ஐம்பது கிராம் இரண்டரைக் கிலோவையும் கைக்கப்பண்ணிவிடும். வறுபட்டு, மில்லில் ஒட்டி, கைக்கு வருவது 2200 மட்டில். செலவை 2425ஆல் பிரித்து விலை வைத்தால் பத்திலொரு பங்கு முதலிலேயே காணாமல் போகிறது. அந்தப் பத்திலொரு பங்குதான் பலருக்கு முழு இலாபமும். மில் கூலி, பை, பஸ் காசு, விறகு எல்லாவற்றையும் கூட்டி 22ஆல் பிரியுங்கள். அதுதான் 100 கிராமின் அடக்கவிலை. கைக்கூலி அதற்கு மேலே.

மில்லில் உங்களுக்கு முதல் யார் என்ன அரைத்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரிசிமாவுக்குப் பிறகு போட்டால் முதல் ஒரு கை தூள் வெளிறிப்போகும். சூட்டோடு பையில் கட்டினால் வியர்த்துக் கட்டிபடும், ஒரு இரவு பேப்பரில் ஆறவிட வேண்டும். கடைக்குக் கொடுப்பதென்றால் பெயர், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி ஒட்டாமல் கொடுக்காதீர்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் கடைக்காரருக்கும் சேர்த்துக் கரைச்சல்.

“அக்கா, மாதக் கடைசியில தாறன்” என்பவர்களுக்கு 100 கிராம் பை மட்டும்.

மாசி 10, திங்கள்

மீற்றர் 4264.

நேற்று முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்காம். குரங்கு செய்த சேமிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எழுத வேண்டியது மோட்டர்: ஓடும்போது கரண்ட் போனால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள். ஃபுட் வால்வு கொஞ்சம் ஒழுகினாலும் குழாயில் தண்ணி இறங்கிவிடும். யாரும் இல்லாத நேரம் கரண்ட் திரும்பினால் மோட்டர் வெறும் காற்றை இழுத்துச் சூடாகி சீல் போகும். அந்தத் திருத்தச் செலவு ஒரு மாதப் பில்லைவிடக் கூட.

மாசி 17, திங்கள்

மீற்றர் 4275. ஒடியல் முறிக்கும்போது ‘டக்’ என்று ஒடிகிறது. 12 கிலோ 4 கிலோ 300 கிராமாக நிற்கிறது. முழுவதையும் மாவாக்க வேண்டாம். மாவில் வண்டு விழும், ஒடியலாகக் காற்றுப்புகாத தகரத்தில் கிடந்தால் கிடக்கும். கேட்பவருக்குக் கேட்ட அளவு உரலில் உடைத்து மில்லுக்குக் கொடுத்தால் போதும். மாவை ஊறவைத்து வடித்துக் கைப்புப் போக்கித்தான் பிட்டுக்கும் கூழுக்கும் எடுக்க வேண்டும் என்று பையிலேயே எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்களுக்கு அது தெரியாது, பிறகு மா சரியில்லை என்பார்கள்.

வெளியில் வாங்கிய நூற்றுக்கு மூன்று வட்டிக் கடன் இருந்தால், தூள் காசு வந்ததும் அதற்குத்தான் போக வேண்டும். மாதம் மூன்று என்று சொல்லும்போது சின்னதாகக் கேட்கும், வருடத்துக்கு 36. வங்கியில் நகை அடைவு வைத்து அதை முடித்தால்கூட இலாபம், நகையை மீட்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வைத்தால்.

மாசி 21, வெள்ளி

பின்னேரம் மீற்றர் பார்க்க வந்தார். 4281. 32 நாளில் 63, எல்லை 64. ஒரு யுனிற் இடைவெளியில் தப்பியது, அது ஒருமுறை உடுப்பு அயன் பண்ணுகிற கணக்கு.

நடப்பு மாதப் பில் முழுதாக, நிலுவையில் மூன்றிலொரு பங்கு. இரண்டையும் ஒரே நாளில் கட்டி, இரண்டு றிசீற்றையும் பில்லோடு குத்தி வைக்க வேண்டும், அடுத்த பில்லில் நிலுவை குறையாமல் வந்தால் காட்ட.

பங்குனியில் வெக்கை தொடங்கும். 75 வோட்ஸ் ஃபான் பத்து மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு முக்கால் யுனிற், மாதம் 22. அதற்கு இப்போதே இடம் தேட வேண்டும். அடுத்த 30 நாளுக்கு எல்லை 4341.