பீட்டிலின் முன் பீமில் அட்ஜஸ்டர் வைத்த வேலை

வண்டியின் முன்புறத்தைத் தாழ்த்தும் இந்த வேலை, 1966 மாடலிலிருந்து வந்த, பால் ஜாயின்ட் (முன் சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு) வைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கானது. 1302, 1303 சூப்பர் பீட்டில்களில் முன் பீமே கிடையாது, மெக்பர்சன் ஸ்ட்ரட்தான் (சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றான தூண்). வண்டி எது என்று பார்த்துக்கொண்டு அட்ஜஸ்டர் வாங்குங்கள்.

பீம் என்பது மேலும் கீழுமாக இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 10 எஃகுப் பட்டைகள் கொண்ட கட்டு ஒன்று, நடுவில் ஒரு ஸ்க்ரூவால் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது பட்டைகள் முறுக்கிக்கொள்ளும். அந்த நடுப்பூட்டைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் வண்டியின் முன்புறம் தாழும். அதைத் திருப்ப வழி செய்வதுதான் அட்ஜஸ்டர். பட்டைகளில் சிலவற்றை உருவிவிட்டுத் தாழ்த்துபவர்களும் இருக்கிறார்கள். ஸ்பிரிங் வலு குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி அடிதட்டும். அதைச் செய்யவே கூடாது.

பெட்ரோல் டேங்க் பீமுக்கு நேர் மேலே இருக்கிறது. பேட்டரி கேபிளை எடுத்துவிட்டு டேங்கைக் கழற்றி, வேலை நடக்கும் இடத்தைவிட்டுத் தூரமாக வைத்தோம். பிறகு பிரேக் ஹோஸ்கள், ஸ்டியரிங் டேம்பர், ஸ்டியரிங் பாக்ஸ். பாக்ஸ் மேல் குழாயில் கிளாம்பில் நிற்பதால் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலர் மறப்பது ஸ்பீடோமீட்டர் கேபிள். அது இடது சக்கரத்தின் கிரீஸ் மூடியில் ஒரு சிறிய கிளிப்பில் நிற்கும். கழற்றாமல் பீமை இறக்கினால் அறுந்துபோகும். சேஸியில் நான்கு போல்ட், பாடியில் இரண்டு. இறக்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும், நல்ல கனம்.

குழாயை வெட்டி அட்ஜஸ்டரை வெல்டிங் செய்வதற்கு முன் பட்டைக் கட்டுகளை வெளியே எடுத்தே ஆக வேண்டும். சூடு ஏறினால் பட்டையின் டெம்பர், அதாவது எஃகின் பதம், போய்விடும். உருவும்போதே கம்பியால் கட்டிவிடுங்கள், அடுக்கு கலையாது.

குழாயை வெட்டுவதற்கு முன் நடு ஸ்க்ரூவின் இடத்தையும், வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் ஒரே நேர்கோட்டிலும் பஞ்ச் குறி போட்டோம். கம்பெனி உயரம் எது என்று பின்னால் சொல்லப்போவது அந்தக் குறி மட்டும்தான். ஒரு குழாயை முழுக்க முடித்த பிறகே அடுத்ததில் கிரைண்டரை வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் பீம் நேராக நிற்க எதுவும் மிஞ்சாது. வெல்டிங்கையும் ஒரே ஓட்டமாக ஓட்டக்கூடாது: நான்கு புறமும் டேக் (சிறு புள்ளி வெல்டிங்), ஆறவிட்டு எதிரெதிராகச் சிறு சிறு தையல். சூட்டில் குழாய் வளைந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) கெடும்; வளைந்த குழாயை நிமிர்த்துவது பெரும்பாடு.

மேல் குழாயில் மட்டும் அட்ஜஸ்டர் போதும் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் மேல்கட்டு ஒரு உயரத்தையும் கீழ்க்கட்டு வேறொரு உயரத்தையும் தேடும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் வைத்து, சக்கரம் தொங்கும் நிலையில், இரண்டையும் ஒரே அளவு திருப்புவதே சரி. பூட்டு நடுவில் இருப்பதால் இடது வலது உயரத்தைத் தனித்தனியாக மாற்ற முடியாது. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் தளர்ந்த பட்டையையோ கோணலான குழாயையோ தேடுங்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம்? 2 அங்குலத்தோடு நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் பால் ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லையில் முட்டித் தேயும், பழைய ஷாக் அப்சார்பருக்கும் இடம் போதாது. இன்னும் தாழ வேண்டுமென்றால் டிராப் ஸ்பிண்டில் (சக்கர அச்சு மேலே தள்ளி அமைந்த ஸ்பிண்டில்) போடுங்கள். அதில் பால் ஜாயின்ட் கோணம் மாறாது.

முன்புறம் மட்டும் தாழும்போது காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். கம்பெனி அளவு சுமார் 3°20'. குறைந்தால் வேகத்தில் ஸ்டியரிங் அலையும், பக்கக் காற்றில் வண்டி ஒதுங்கும். கீழ்க் குழாய்க்கும் சேஸிக்கும் இடையில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்துச் சரிசெய்தோம். அதற்கு நீளமான போல்ட் வேண்டும். பீம் போல்ட்களுக்கு டார்க் (முறுக்கும் விசை) சுமார் 50 நியூட்டன் மீட்டர். பீமின் நான்கு கிரீஸ் நிப்பிள்களிலும், ஓரங்களில் புது கிரீஸ் பிதுங்கும்வரை அடித்து, பிரேக்கில் காற்று எடுத்து, டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஹெட்லைட்டையும் சரிபார்த்த பிறகே வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும்.