தாழ்வாரம் மரபா, ஆக்கிரமிப்பா? புதுச்சேரியில் ஓர் உணவகத்துக்குத் திட்ட அனுமதி வாங்கிய கதை

எங்கள் உணவகத்துக்கான திட்ட அனுமதி ஆணை ஒருவழியாகக் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. புதுச்சேரியின் பழைய நகரப் பகுதியில் ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து உணவகமாக்க நினைப்பவர்கள் இப்போது பலர் இருப்பதால், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுவது பயன்படும் என்று தோன்றியது. எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கிறது. எங்களை அலைக்கழித்தவை எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லாதவை.

வீடு மிஷன் வீதிக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில் இருக்கிறது. கீழே வீதியை ஒட்டித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், திண்ணை, முற்றம். மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவுச் சன்னல்கள். நானும் என் மைத்துனரும் சேர்ந்து நாற்பது பேர் அமர்ந்து சாப்பிடும் அளவில் ஓர் உணவகம் நடத்தத் திட்டமிட்டோம். மனை எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் வருகிறது என்று எழுதிக் கேட்டதற்கு, உணவகத்துக்குத் தடையில்லை என்ற பதில் சிக்கலின்றி வந்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்பதை வரைபடத்தில் காட்டியதும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய கேள்வியும் முடிந்தது. சுலபமாக நடந்தவை இவ்வளவுதான்.

முதல் இடி பவர் பத்திரத்தில் விழுந்தது. வீட்டுக்காரர் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் குடியேறிவிட்ட பெரியவர். இங்குள்ள தம் தங்கை மகன் பெயருக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பத்திரத்தில் வீட்டை வாடகைக்கு விடலாம், வாடகை வசூலிக்கலாம், வரி கட்டலாம், வழக்கு நடத்தலாம் என்றெல்லாம் இருந்ததே தவிர, கட்டட வரைபடத்தில் கையொப்பமிடவும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் அதிகாரம் தருவதாக ஒரு வரிகூட இல்லை. "பிளான்ல இவரு கையெழுத்துப் போடலாம்னு இதுல எங்க சார் இருக்கு?" என்று எழுத்தர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதே பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கோப்பை உள்ளே வாங்கி வைத்தவரும் அவரே என்பதுதான் எரிச்சல். அன்றைக்கே சொல்லியிருந்தால், பெரியவர் கோடை விடுமுறைக்கு வெளியூர் கிளம்புவதற்கு முன்பே புதிய பத்திரத்தை வாங்கியிருப்போம்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டை எடுப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பவர் பத்திரத்தில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிப்பது, வரைபடங்களில் கையொப்பமிடுவது, உறுதிமொழிப் பத்திரம் தருவது, கட்டணம் செலுத்துவது, பயன்பாட்டு மாற்றம் கோருவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே நோட்டரி முன் கையொப்பமிட்டு அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று முத்திரை பெற்றோ, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றோ அனுப்பச் சொல்லலாம். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. என்றைக்கு வந்தது என்பதற்குச் சான்றாகக் கூரியர் உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். எங்களிடம் அதைக் கேட்டார்கள். மைத்துனர் அந்த உறையில் மளிகைக் கணக்கு எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

அடுத்த அடி மூலப்பத்திரத்திலிருந்து வந்தது. அது பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம். மனையின் பரப்பு 2 ஆர் 84 சென்டியார் என்று அதில் இருந்தது. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர் என்பதால் மொத்தம் 284 சதுர மீட்டர் ஆகிறது. வரைபடம் போட்டுக் கொடுத்த அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிய பையன் அதை 2.84 சென்ட் என்று எடுத்துக்கொண்டு, 115 சதுர மீட்டர் என்று பதிந்துவிட்டான். தரைத்தளக் கட்டடம் மட்டுமே 190 சதுர மீட்டர் என்று அதே படிவத்தில் கீழே இருந்ததால், மனையைவிடக் கட்டடம் பெரிதாக இருப்பதற்கு விளக்கம் தரவும் என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்தோம். ஆனால் பரப்பில் சந்தேகம் எழுந்துவிட்ட பிறகு, ஆர்.எஸ். எண் (மறு நில அளவை எண்), கடாஸ்தர் எண் (நிலப் பதிவேட்டு எண்), பட்டா எண் மூன்றும் ஒரே மனையைத்தான் குறிக்கின்றன என்று நிரூபிக்கச் சொன்னார்கள். நில அளவைப் படமும், பத்திரத்தின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும், மூன்று எண்களையும் ஒரே இடத்தில் சொல்லும் உறுதிமொழிப் பத்திரமும் அதற்குத் தேவைப்பட்டன. பிரெஞ்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. இருந்தாலும் பழைய பத்திரக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவராகப் பார்த்துப் பிடியுங்கள்.

இவையெல்லாம் காகிதத்தோடு முடிந்துபோன தொல்லைகள். உண்மையான சிக்கல் வாசலில் காத்திருந்தது.

எங்கள் வீட்டின் எல்லைக்கோடு, நில அளவைப் படத்தின்படி, திண்ணையின் வெளி விளிம்போடு முடிந்துவிடுகிறது. தாழ்வாரத்தின் ஓட்டுச் சாய்ப்பைத் தாங்கும் மூன்று மரத்தூண்களும் அதற்கு வெளியே, வீதியின் ஓரத்தில் நிற்கின்றன. நேரில் பார்வையிட வந்த ஒருவர் நாடாவைப் பிடித்து அளந்து, மூன்று தூண்களின் அடியிலும் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, "தூண் மூணும் ரோட்டுல நிக்குது சார். எடுத்துட்டு போட்டோ அனுப்புங்க, போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே, மரபுக் கட்டட முகப்புகளைப் பரிசீலிக்கும் குழுவிலிருந்து வந்த குறிப்பில் தாழ்வாரத்தையும் தூண்களையும் எக்காரணம் கொண்டும் அகற்றவோ மாற்றவோ கூடாது என்று இருந்தது. ஒரு மேசைக்கு அது ஆக்கிரமிப்பு, இன்னொரு மேசைக்கு அது மரபு. இரண்டு மேசைகளுக்கும் போய்வருகிறவன் மட்டும் நான். ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டினால், "அது அவங்க சொல்றது, எங்க ரூல் இது" என்ற ஒரே பதில்தான் இரு பக்கமும் கிடைத்தது.

இதில் வழி காட்டியவர் எங்கள் கட்டடக் கலைஞர். வாதாடுவதை விட்டுவிட்டு வரைபடத்தை மாற்றுவோம் என்றார். மனையின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் தனியே காட்டினார். அதற்கு வெளியே உள்ள தாழ்வாரத்தைக் கோடுகளிட்டு நிரப்பி, இது விண்ணப்பதாரரின் மனையில் சேராதது, ஏற்கெனவே உள்ள மரபுக் கூறு என்ற முறையில் உள்ளபடியே பேணப்படும், உணவகத்தின் பரப்பிலோ இருக்கைக் கணக்கிலோ சேர்க்கப்படவில்லை என்று குறிப்பு எழுதினார். தாழ்வாரத்தில் மேசை, நாற்காலி, பார்சல் கவுன்டர், சங்கிலித் தடுப்பு எதுவும் போடமாட்டோம் என்று நாங்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தோம். கூடவே வைசியாள் வீதியின் படங்களையும் இணைத்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தின் கீழ், மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பின் துணையோடு அங்கே வீட்டு முகப்புகள் தாழ்வாரங்களோடு சேர்த்துச் சீரமைக்கப்பட்டதும், அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்ததும் ஊரறிந்த செய்தி. அரசும் சேர்ந்து தாழ்வாரத்தைக் கட்டிக்காத்த ஊரில் தாழ்வாரத்தை எப்படி இடிக்கச் சொல்ல முடியும் என்பதை நாங்கள் வாயால் கேட்கவில்லை, படங்கள் கேட்டன. இரு தரப்பாரையும் ஒரே நாளில் வாசலுக்கு வரவழைத்துக் கூட்டாகப் பார்வையிடச் செய்யுமாறு எழுத்தில் கோரியதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. இருவரும் எதிரெதிரே நின்றபோது கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது. சுண்ணக்கட்டிக் குறி போட்டவரே ஆட்சேபணை இல்லை என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

முகப்புப் பரிசீலனையைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தவை எல்லாம் பயமுறுத்துபவை. நடந்ததோ வேறு; மொத்த அலைச்சலிலும் எங்களிடம் அறிவோடு பேசியவர்கள் அவர்கள்தான் என்பேன். தூண்களுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு போட்டுக் குளிரூட்டலாம் என்ற எங்கள் எண்ணத்தை உடனே மறுத்துவிட்டார்கள். வீதியைப் பார்த்தபடி காட்டியிருந்த ஏசி எந்திரங்களை மொட்டைமாடியின் பின்பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடிக்கும் என்று நாங்கள் காட்டியிருந்த அடர்மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "இது தமிழ் வீடுங்க, கிழக்கால இருக்குற பிரெஞ்சு வீடு மாதிரி எதுக்கு வேஷம் போடுறீங்க?" என்று கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கிக் காரை உதிரும் என்பதால் பூச்சும் சுண்ணாம்பிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். செலவு கூடியது, ஆனால் மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. இங்கே ஒரு யோசனை: உங்கள் வீட்டின் முகப்பை மட்டும் வரைந்துகொண்டு போகாதீர்கள். இரு பக்கத்து வீடுகளின் முகப்பையும் சேர்த்து, ஒரே அளவில், ஒரே தாளில் வரைந்து கொடுங்கள். கூரை உயரமும் சாய்ப்பும் பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

மாடியிலும் இருக்கை போடும் ஆசையைக் கட்டமைப்புப் பொறியாளர் முடித்து வைத்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போடும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் தேக்கு உத்தரங்களும் கொண்ட தளம் அது. இந்தியத் தரநிலை 875இன்படி வசிக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை கணக்கிட்டால் போதும், உணவருந்தும் கூடத்துக்கு 4 வேண்டும், அந்த இரட்டிப்புச் சுமைக்கு என்னால் சான்று தர முடியாது என்று கைவிரித்தார். 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊரில் இதற்குமேல் வற்புறுத்த மனம் வரவில்லை. மாடி இப்போது அலுவலக அறை மட்டும். இருக்கைகள் நாற்பதிலிருந்து இருபத்தெட்டாகக் குறைந்தன.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறார் என்பது கோப்பைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. நேரில் போய்க் கேட்டபோது, "ஹோட்டல் வர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீங்க மீன் வறுத்தா அந்தப் புகை அப்படியே என் முற்றத்துல எறங்கும். துணி காயப்போட எனக்கு வேற எடம் ஏது?" என்றார். வரைபடத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே விரித்துப் பார்த்தபோது புகைப்போக்கியின் வாய் உண்மையாகவே அவர் முற்றத்தை நோக்கித்தான் திரும்பியிருந்தது. அதை எங்கள் பின்சுவர்ப் பக்கம் திருப்பி, மொட்டைமாடிக்கு மேல் உயர்த்தி, எண்ணெய்ப் புகையை வடிகட்டும் கூண்டும் சேர்த்துக் காட்டினோம். அம்மாள் தம் கைப்படவே மனுவைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதித் தந்தார். விண்ணப்பம் போடும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுவது, அனுமதிக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் கூட்டாத வேலை.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் காலி மனைக்காரரிடம் வாங்கிய சம்மதக் கடிதம் செல்லுபடியாகவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவு செய்யப்பட்ட பத்திரம்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இடத்துக்காரர் பதிவுக்கு வரத் தயங்கினால் அந்த இடத்தை நம்பி வரைபடம் போடாதீர்கள்.

ஆணையோடு வந்த நிபந்தனைகளில் பெயர்ப்பலகை பற்றிய ஒன்றும் இருக்கிறது. பலகை மரத்தில் இருக்க வேண்டும், ஒளிரக் கூடாது, தாழ்வாரச் சாய்ப்புக்கு மேலே போகக் கூடாது, அளவைத் தனியே வரைந்து ஒப்புதல் பெற வேண்டும். அந்த வரைபடத்தைக் கொடுத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் முகப்பை மறுபடி வந்து பார்ப்பார்கள் என்பதால், கொத்தனார் கை வைப்பதற்கு முன் தூண், அதன் தலையில் உள்ள போதிகை, ஓட்டு வரிசை ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டோம். இடது ஓரத் தூணின் அடியைக் கரையான் அரித்திருக்கிறது. அதை மாற்றுவதற்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் சொல்கிறார். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தோடு போகிறேன்.