தாத்தா வீட்டுக் கைமரங்கள்

சாயல்குடிக்குத் தெற்கே, கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள எங்கள் ஊரில், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைச் சென்ற மாதம் பிரித்தோம். கூரையிலிருந்து இறக்கிய 36 பனங்கைமரங்களும் 60 ஆண்டுகள் உப்புக்காற்றைத் தாங்கி நின்றவை. சுவருக்குள் புதைந்திருந்த நுனிகள் மட்டும் சிலவற்றில் செல்லரித்திருந்தன. செங்கல் சூளைக்கு விறகாக ஒருவர் விலை பேசினார். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாத்தாவின் நினைவு மட்டும் அதற்குக் காரணமன்று. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அது முழுவதும் மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. ஒரு கைமரம் 40 கிலோ என்று கொண்டால், அதிலுள்ள 20 கிலோ கார்பன் எரிந்ததும் சுமார் 73 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். 36 மரங்களுக்கும் சேர்த்தால் இரண்டரை டன்னுக்கு மேல். கூரையில் கிடக்கும் வரை அவ்வளவும் அந்த மரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதோடு, மரம் தாங்கும் இடத்தில் கான்கிரீட் தேவைப்படுவதில்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகையோடு கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவும் வெளியேறுகிறது.

இதற்காகப் பனையை வெட்டலாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரம் அது. பதநீரும் நுங்கும் ஓலையும் தருகிற அதனை ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது மிகச் சரியான செயல்.

வீட்டு வேலைக்குப் பயன்படுத்த என் ஆசை சீமைக்கருவேலத்தின் மீது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் அந்த மரம், எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலும் கரிமூட்டத்துக்கே போகிறது. பல ஆண்டுகள் சேர்த்த கார்பனில் ஒரு பங்கு மூட்டத்திலும் மிச்சம் அடுப்பிலுமாக விரைவில் காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. மூட்டம் போடுவோரின் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த உறவு மரங்களில் அர்ஜென்டினாவில் தரைப்பலகையும் மேசை நாற்காலிகளும் செய்கிறார்கள். இங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிவிடுவதால் தடித்த, நேரான கட்டை கிடைப்பது அரிது. ஒவ்வொரு தூரிலும் ஒரு கிளையை மட்டும் விட்டு வளர்த்தால் கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

செல்லரித்த நுனிகளை அறுத்துவிட்டு, 29 கைமரங்களைப் புதுத் திண்ணையின் கூரைக்கு ஏற்றியிருக்கிறோம். ஜன்னல் சட்டத்துக்காகச் சீமைக்கருவேலக் கட்டைகள் நான்கை ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, மூன்றடி நீளத்துக்கு நேராக இருந்த ஒன்றை மட்டும் நிழலில் காய வைத்திருக்கிறார்.